ஐந்து வருடம் தாண்டினால் போதுமா?

கேள்வி: அப்பாவுக்குக் காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி. பயாப்சியில் 'அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா' என்று வந்திருக்கிறது. பிழைத்துக்கொள்வாரா?

பதில்: நம்பிக்கையோடு சிகிச்சையைத் தொடங்குங்கள். பெரும்பாலானோர் ஐந்தாண்டுகளைத் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் இது நரம்பு வழியே மெல்ல ஊர்ந்து போகும் புற்று. 10, 15 ஆண்டுகள் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டும். அதனால் செக்கப்பை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிந்தைய அறிக்கையை டாக்டரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: வெட்டிய ஓரத்தில் புற்றணு மிச்சமிருக்கிறதா? கட்டியில் புற்றணுக்கள் இடைவெளியின்றி அடர்ந்திருக்கும் 'சாலிட்' பகுதி எவ்வளவு? அது 30 சதவீதத்தைத் தாண்டினால் வீரியம் அதிகம். கட்டியின் அளவும், நிணநீர் முடிச்சுகளில் பரவியிருக்கிறதா என்பதும் முக்கியம். அப்பாவுக்கு வாய் கோணுகிறதா, ஒரு கண்ணை மூட முடியவில்லையா? முக நரம்பைப் புற்று பிடித்திருக்கலாம், இன்றே சொல்லிவிடுங்கள். நுரையீரலில் பரவிய பிறகும் பலர் வருடக்கணக்கில் நடமாடுகிறார்கள்.