வாகன கேள்வி-பதில்: லெப்டாப்பில் டர்போ ட்யூனிங்

கேள்வி: என்னுடைய பழைய புரோட்டோன் வீராவில், கிள்ளான் ஹாஃப்-கட் கடையில் வாங்கிய ஜிஎஸ்ஆர் டர்போ எஞ்சினை (4ஜி93) ஏற்றியிருக்கிறேன். டர்போவையும் பெரிதாக மாற்றியாகிவிட்டது. ட்யூனர் கேட்கும் தொகை என் ஒரு மாதச் சம்பளம். ஸ்பீடுயினோ ஈசியூவும் (எஞ்சினை இயக்கும் கணினி) ட்யூனர்ஸ்டூடியோ மென்பொருளும் போதும், ஓட்ட ஓட்ட அதுவே கற்றுக்கொள்ளும் என்கிறான் நண்பன். நானே செய்யலாமா? – வாசகர், ஈஜோக்

பதில்: செய்யலாம் தம்பி. ஆனால் நண்பர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அந்த மென்பொருள் தானாகத் திருத்துவது பெட்ரோல் அளவை மட்டும்தான். ஸ்பார்க் எந்த டிகிரியில் அடிக்க வேண்டும் என்பதில், அதாவது டைமிங்கில், அது கை வைக்காது. டர்போ எஞ்சினில் பிஸ்டன் உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எவோ 7, 8, 9 வைத்திருப்பவர்கள் டாக்ட்ரிக்ஸ் கேபிளைச் செருகி, ஈசியூஃப்ளாஷ் கொண்டு ஒரிஜினல் ஈசியூவிலேயே புது மேப் (பெட்ரோல், டைமிங் அட்டவணைகள்) எழுதுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு உங்கள் ஜிஎஸ்ஆர் ஈசியூவுக்குக் கேபிள் தேடி அலையாதீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த அதற்கு அந்த வசதி கிடையாது. தனி ஈசியூதான் வழி. 2001-இல் அமெரிக்காவில் பௌலிங், கிரிப்போ என்ற இருவர் கொண்டுவந்த மெகாஸ்குவர்ட், நாமே கட்டிக்கொள்ளும் மலிவு வகைக்கு முன்னோடி. ஸ்பீடுயினோ, பள்ளிப் பிள்ளைகள் பழகும் ஆர்டுயினோ மெகா பலகையில் ஓடுவது. விலை குறைவு என்பதற்காக அதை மட்டமாக நினைக்க வேண்டாம். வயரிங்கும் எர்த்தும் சுத்தமாக இருந்தால் தினமும் வேலைக்கு ஓட்டிப் போகலாம்.

ட்யூனர்ஸ்டூடியோவைத் திறந்தால் பெட்ரோலுக்கு ஓர் அட்டவணை வரும். ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் மேனிஃபோல்டு அழுத்தம். 16-க்கு 16, மொத்தம் 256 கட்டங்கள். கற்றுக்கொள்ளும் வசதி இந்தக் கட்டங்களைத்தான் திருத்துகிறது. அதுவும் பணம் கட்டிய பதிப்பில்தான் உண்டு. அதற்கு வைட்பேண்டு ஆக்ஸிஜன் சென்சார் கட்டாயம் வேண்டும். ஒரிஜினல் சென்சார் 14.7 என்ற கலவைக்குப் பக்கத்தில்தான் சரியாகச் சொல்லும். பூஸ்ட் ஏறும்போது உங்களுக்குத் தேவைப்படுவது 11.5 அளவில். அங்கே அது பெட்ரோல் அதிகம் என்று மட்டும் சொல்லும், எவ்வளவு அதிகம் என்று சொல்லாது. ஆகவே மென்பொருளில் மிச்சம் பிடித்த காசை வைட்பேண்டில் போடுங்கள்.

பெட்ரோலைத் தொடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் நிறுத்தி வைத்துவிட்டு, டைமிங் லைட்டை கிராங்க் புல்லியின்மேல் அடியுங்கள். புல்லியின் குறியும் 10-இல் நிற்க வேண்டும். 16-இல் நின்றால் லெப்டாப் காட்டும் ஒவ்வொரு எண்ணும் 6 டிகிரி பொய். ஆர்பிஎம்மை ஏற்றும்போது குறி நகர்ந்தாலும் கோளாறுதான், செட்டிங்கில் திருத்தாமல் மேலே போகாதீர்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் வண்டியை வெளியே எடுத்தவர்கள்தான் மறுபடியும் ஹாஃப்-கட் கடைக்குப் போகிறார்கள்.

அடுத்தது நாக், அதாவது சிலிண்டருக்குள் கலவை கட்டுமீறி வெடிப்பது. 81 மில்லிமீட்டர் போர் உள்ள உங்கள் எஞ்சினில் அதன் சத்தம் ஏறக்குறைய 7 கிலோஹெர்ட்ஸில் வரும். டர்போ இரைச்சலில் வெறும் காதுக்குக் கேட்காது. செப்புக் குழாயின் ஒரு முனையைத் தட்டையாக்கி எஞ்சின் பிளாக்கில் போல்ட் போட்டு முடுக்கி, மறுமுனையில் ரப்பர் ஹோஸ் மாட்டிக் காது கவசத்துக்குள் விடுவது பழைய ஒர்க்‌ஷாப் முறை. இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. கேட்பவர் டைனோ சோதனை மேடையின் பக்கத்தில் நிற்க வேண்டும், ஸ்டியரிங் பிடித்திருப்பவர் அல்ல.

வெளிநாட்டுக்காரர் தரும் மேப்பை அப்படியே ஏற்றினால் இன்னொரு சிக்கல். அவர்கள் குளிர்காலத்தில் ஸ்டார்ட் செய்யப் பாடுபட்டிருப்பார்கள். கோலசிலாங்கூரில் அந்தக் கவலை இல்லை. பெட்ரோல் நிலையத்தில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது உள்ளே போகும் காற்று கொதிக்கிறதே, நமக்கு அதுதான் பிரச்சினை. காற்றுச் சூடு ஏறினால் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும் அட்டவணையை நிரப்பாமல் பூஸ்டைக் கூட்டாதீர்கள். ரோன்97-இல் ட்யூன் செய்துவிட்டு, மாதக் கடைசியில் பூடி95 மானிய விலை 1.99 வெள்ளிதானே என்று ரோன்95 ஊற்றினாலும் நாக் வந்து எஞ்சின் கெடும். எந்த எண்ணெயை மாதம் முழுவதும் ஊற்ற முடியுமோ, அதில் ட்யூன் செய்யுங்கள்.

ஆக, என் யோசனை இது. வயரிங், சென்சார், ஐட்லிங், மெதுவான ஓட்டம் எல்லாம் நீங்களே முடித்துவிடுங்கள். பூஸ்டுக்கும் டைமிங்குக்கும் மட்டும் அரை நாள் டைனோவை வாடகைக்கு எடுங்கள், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ட்யூனர் முழு வேலைக்குக் கேட்டதைவிடக் குறைவாகவே முடியும். இரவில் லத்தார் நெடுஞ்சாலை காலியாக இருக்கும் என்று அங்கே போகாதீர்கள்; பொதுச் சாலையில் அனுமதியில்லாத வேகச் சோதனை, சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987-இன்படி குற்றம். தோட்டத்துச் செம்மண் பாதை அதைவிட மோசம். செம்பனைக் குலை லோரி எந்த வளைவில் வரும் என்று தெரியாது, மோட்டார் சைக்கிள்களில் பாதிக்கு விளக்கு எரியாது.

எஞ்சின் மாற்றத்துக்கு ஜேபிஜே அனுமதி வாங்கிவிட்டீர்களா, கிராண்டில் புது எஞ்சின் எண் ஏறிவிட்டதா என்று எழுதவில்லையே? ஏறவில்லை என்றால் முதல் செலவு அதுதான். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லாமல் விட்டால், விபத்து நாளில் இழப்பீடு கேட்டு அலைய வேண்டிவரும்.

கேள்வி: மைவி 1.5-க்கு மேப் ஃபைல் வாங்கி ஏற்றினால் சக்தி கூடுமா? – வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: டர்போ இல்லாத 102 குதிரைசக்தி எஞ்சின் அது. கூடினாலும் ஓட்டும்போது தெரிவது கொஞ்சம்தான். ஏற்றும்போது பேட்டரி இறங்கினால் வண்டி அங்கேயே நின்றுவிடும், உத்தரவாதமும் கேள்விக்குறி. அந்தப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள் தங்கையே.

கேள்வி: பசார் மாலாமில் விற்கும், ஓபிடி சாக்கெட்டில் செருகும் பெட்டி பெட்ரோலை மிச்சப்படுத்துமா? – வாசகர், தஞ்சோங் காராங்

பதில்: இப்படிப்பட்ட பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது மின்னும் சிறு விளக்குகளைத்தான். ஈசியூவுடன் அது பேசுவதே இல்லை. வாங்காதீர்கள்.