எந்த நரம்புக்கு எந்த முடிச்சு?

கேள்வி: பெரிய மீன் கொத்தினால் முள்ளோடு போய்விடுகிறது. நரம்பு புதுசுதான். எந்த முடிச்சு போடலாம்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: முதலில் மிச்சமிருக்கும் நரம்பின் நுனியைப் பாருங்கள். பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. சுருளாமல் அறுந்திருந்தால் நரம்பே நைந்திருக்கிறது. காய்ந்த நரம்பை வெடுக்கென்று இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே பலம் போய்விடும்.

நைலான் நரம்புக்கு 'இம்ப்ரூவ்டு கிளிஞ்ச்' நல்லது. நுனியை முள்ளின் காதில் கோத்து, நரம்பின் மேலேயே 5 சுற்று சுற்றுங்கள். காதை ஒட்டிய சின்ன வளையத்தில் நுனியை நுழைத்து, அப்போது உண்டாகும் பெரிய வளையத்திலும் விட்டெடுங்கள். எச்சில் தொட்டு நனைத்து, நிதானமாக இறுக்குங்கள். சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக உட்கார வேண்டும். தடித்த நரம்பென்றால் 3, 4 சுற்றே போதும்.

பின்னல் நூல் வழுக்கும், அதற்கு 'பலோமர்'. நூலை இரட்டையாக மடித்துக் காதில் கோத்து, சாதா முடிச்சு ஒன்று தளர்வாகப் போட்டு, மடிப்பு வளையத்துக்குள் முள்ளை முழுசாக நுழைத்து இறுக்குங்கள்.

எதுவானாலும் நுனியை ஒட்ட நறுக்காமல் 2, 3 மில்லிமீட்டர் விடுங்கள். பெரிய மீனோடு மல்லுக்கட்டிய முடிச்சை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.