மூன்று கருவி, ஒரே சொற்கட்டு

வீட்டுக் கணினியில் விண்டோஸ், வேலைக்கு எடுத்துப்போகும் லேப்டாப்பில் உபுண்டு, கையில் ஆண்ட்ராய்டு போன். ஜெர்மன் படிக்கிறேன். மூன்றிலும் ஓடக்கூடிய இலவச மென்பொருள் உண்டா?

உண்டு. பெயர் ஆன்கி. ஜப்பானிய மொழியில் 'மனப்பாடம்' என்று பொருள். சொற்களை அட்டைகளாகச் சேர்த்தால், ஒவ்வொன்றையும் நீங்கள் மறக்கப்போகும் சமயம் பார்த்து மறுபடி கேட்கும். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லோடும் டெர், டீ, டாஸ் ஆகியவற்றில் எது வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டுமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான துணையை நான் பார்த்ததில்லை.

விண்டோஸில் நிறுவுவது இரண்டு நிமிட வேலை. உபுண்டுவில் மட்டும், அதன் மென்பொருள் கிடங்கில் இருப்பதை எடுக்காதீர்கள். அது பழைய பதிப்பாக இருக்கலாம். ஆன்கியின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். போனுக்கு ஆன்கிட்ராய்டு. இதே பெயர்ச் சாயலில் வேறு செயலிகளும் உலவுகின்றன, எழுத்துக்கூட்டிப் பார்த்து எடுங்கள். நாளைக்கு ஐபோனுக்கு மாறினால், அதற்கான செயலி விலைக்குத்தான் கிடைக்கும். ஆனால் பிரவுசரில் ஆன்கிவெப் தளத்தைத் திறந்து இலவசமாகவே படிக்கலாம்.

அடுத்து, மூன்று கருவியிலும் அதே அட்டைகள் இருக்க, ஆன்கிவெப்பில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி, மூன்றிலும் அதே கணக்கில் நுழையுங்கள். முதல்முறை இணைக்கும்போது 'பதிவேற்றவா, பதிவிறக்கவா?' என்று கேட்டால் அவசரப்படாதீர்கள். அட்டைகள் இருக்கும் கருவியில் பதிவேற்றம், காலியாக இருக்கும் கருவியில் பதிவிறக்கம். மாற்றி அழுத்தினால் காலிப் பெட்டி மேலேறி, சேர்த்ததெல்லாம் அழிந்துவிடும். இணைப்பதற்கு முன் விண்டோஸில் அட்டைகளின் நகல் ஒன்று எடுத்து வைத்துவிடுங்கள்.

தினமும் 10 புதுச் சொல் போதும். இன்று இரவே தொடங்குங்கள்!