குவார்ட்டர் அடித்தும் ஆடாதவன்

நம்பிக்கை: "நல்லாத் தாங்குற உடம்பு. அவனை ஒண்ணும் பண்ணாது."

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் கூலி நாள் மாலையில் டாஸ்மாக் வாசலில் நின்றால் இந்தப் பாராட்டு காதில் விழும். பகலெல்லாம் தோல் பதனிடும் ஆலையில் டிரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்துப் போட்டவர், ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டுத் தடுமாறாமல் வண்டியை எடுத்தால் அவருக்குத் தனி மரியாதை.

உண்மை: அவரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். மது முதலில் கிளர்ச்சி தரும், பிறகு மந்தமாக்கும். அந்த மந்தம்தான் பலரைப் போதும் என்று நிறுத்த வைக்கிறது. முதலில் வரும் கிளர்ச்சியில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு. அது வேலை செய்வது நரம்பணுக்களிலுள்ள ஏற்பிகள் வழியாக. அவற்றில் டி1, டி2 என்று பல வகை. வெரோனிகா அல்வாரெஸ் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சுண்டெலிகளின் ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப்பகுதியில் குறிப்பிட்ட நரம்பணுக்களிலிருந்து மட்டும் டி2வை நீக்கினார்கள். மது உள்ளே போனதும் அந்த எலிகள் மற்றவற்றைவிட அதிகமாக ஓடின, எளிதில் மயங்கவில்லை. குடிக்கும் அளவு ஏறிக்கொண்டே போனது. கெடுதல் வந்த பிறகும் விடவில்லை. டி2 குறைந்த இடத்தில் டி1இன் வேகம் கூடிவிட்டதே காரணம்.

மனிதர்களிடமும் இதற்கு ஒத்த சான்று உண்டு. மார்க் ஷுக்கிட் 1994இல் வெளியிட்ட ஆய்வு, குடிநோயாளிகளின் மகன்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இளவயதில் மது அவ்வளவாக ஏறாதவர்களில் 56 சதவீதம் பேர் பின்னாளில் குடிநோயாளிகள் ஆனார்கள். சட்டென்று ஏறியவர்களில் 14 சதவீதம் பேர்தான். ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஈரலுக்கு அதே 60 கிராம்தான்.

நம்பிக்கை: "டோபமைன் கோளாறு, பிறவியிலேயே எழுதினது."

அவ்வளவு நேரானதல்ல. 1998இல் டி2 ஏற்பியே இல்லாமல் பிறந்த சுண்டெலிகளுக்கு மதுவைக் கொடுத்தபோது, அவை அதை வெறுத்து ஒதுக்கின. ஏற்பி எந்த நரம்பணுவில் குறைகிறது என்பதைப் பொறுத்து விளைவே தலைகீழாகிறது. ஆகவே யாரையும் பிறவிக் குடிகாரன் என்று முத்திரை குத்த இந்த ஆய்வுகளில் இடமில்லை.

நம்பிக்கை: "தோல் நாத்தத்துக்குக் கொஞ்சம் போட்டாத்தான் நிக்க முடியும்."

மூக்கு சில நிமிடங்களில் தானாகவே நாற்றத்துக்குப் பழகிவிடும். அதற்கு மது வேண்டாம். கழிவுத்தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சுவாயு அதிகமானாலோ, மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது. அங்கே நிதானம் தவறியவர் ஏறி வெளியே வருவது கடினம். அவருக்குத் தேவை காற்றோட்டமும் பாதுகாப்புக் கருவியும். அதைத் தர வேண்டியது முதலாளி.

நம்பிக்கை: "மனசு வச்சா நாளைக்கே நிறுத்திடலாம்."

இதுதான் என்னை மிகவும் அச்சுறுத்துவது. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும் பிதற்றல் நிலை வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகும். வீட்டில் அடைத்து வைத்தோ, மாலை போட்டோ நிறுத்த முயலாதீர்கள். வேலூர் பாகாயத்திலுள்ள சிஎம்சி மனநல மையத்துக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.