ஞாயிற்றுப் புயலும் மின்வலையும்

ஞாயிற்றில் எழும் புயல் பூமியில் விளக்கை அணைப்பது எங்ஙனம்? அப்புயலிற் பிறந்த மின்துகள் முகில் பூமியின் காந்தப் புலத்தைக் கலக்குங்கால், நெடிய மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் புகுகின்றது. 1989ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இவ்வாறே நிகழ்ந்தது. ஏறக்குறைய 90 விநாடிகளில் மின்வலை வீழ, 60 இலட்சம் மக்கள் 9 மணி நேரம் மின்சாரமின்றி வருந்தினர்.

ஞாயிற்றொளி 8 நிமிடத்தில் நம்மை எய்தும். முகிலோ பெரும்பாலும் 1 முதல் 3 நாள் கழிந்தே வரும். அவ்விடைக்காலத்தில் மின்னிலையத்தார் சுமையைக் குறைத்துக் கருவிகளைக் காக்கலாம். புதிய காப்பினை அமைத்தல் இயலாது. ஆதலின் கியூபெக் மின்வாரியத்தார் பின்னர் நெடுங்கம்பிகளில் தொடர் மின்தேக்கிகளை நிறுவி, அவ்வோட்டத்தைத் தடுக்க வழி செய்தனர். இல்லத்தார்க்கும் இஃதொக்கும்: நீரிறைக்கும் பொறி நின்றபின் குடிநீர் தேடுதல் அரிது. நீரும் உணவும் மருந்தும் கைவிளக்கும் அமைதி நாளிலேயே சேர்த்துவைத்தல் அறிவுடைமையாம்.