இருக்கையின் இலக்கணம்

மாணாக்கன் கற்றற்கு நல்ல நூல் வேண்டும், நல்லாசிரியன் வேண்டும், காற்றும் ஒளியும் உலாவும் மண்டபம் வேண்டும் என்பதை எவரும் ஒப்புவர். அவன் அமரும் வாங்கு எத்தகையதாதல் வேண்டும் என வினவுவார் மிகச் சிலரே. நாடோறும் பல மணி நேரம் அவன் உடலைத் தாங்குவது அதுவேயாகவும், அதனைத் தச்சரின் பொறுப்பென விட்டுவிடுகின்றோம்.

தமிழில் 'இரு' என்னும் வினையடி உளதாதலையும் அமர்தலையும் ஒருங்கே உணர்த்தும். யோக நூலார் ஆசனத்துக்கு உறுதி, சுகம் என்னும் இரண்டனையும் வேண்டினர். நம் முன்னோர் திண்ணைப் பள்ளியிற் சம்மணமிட்டிருந்து கற்றனர். தரை எல்லோர்க்கும் பொதுவாயினும் எவர்க்கும் பொருந்தியது. தொங்குங் கால் அங்கில்லை. வாங்கும் மேசையும் வந்தபோதே அளவு என்னும் வினா உடன் வந்தது. அவற்றை வாங்கினோம், வினாவை விட்டுவிட்டோம்.

மேனாட்டார் இவ்வினாவை நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். இத்தாலி நாட்டு மருத்துவராகிய பெர்னார்டினோ ரமசீனி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். தையற்காரர், சக்கிலியர் முதலாய் இருந்து தொழில் செய்வோர் கூன் அடைதலை அவர் நோக்கினார். 1713ஆம் ஆண்டுப் பதிப்பில், எழுத்து வினைஞர் படும் துன்பத்துக்கு ஓயாது இருத்தல், கையை ஒரே வகையாய் அசைத்தல், மனத்தை இடையறாது ஒருமுகப்படுத்தல் என மூன்று காரணம் கூறினார். இன்று கணினியின் முன் அமர்வோர்க்கும் அம்மூன்றும் பொருந்துதல் வியப்பன்றோ! 1857ஆம் ஆண்டிற் போலந்து அறிஞர் யஸ்த்செம்பொவ்ஸ்கி, தொழில், விதி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இத்துறைக்கு ஒரு பெயர் அமைத்தார். நாம் அதனைப் பணிச்சூழலியல் என்கின்றோம். தொழிலாளியைக் கருவிக்கு ஏற்ப வளைத்தலை விடுத்துக் கருவியைத் தொழிலாளிக்கு ஏற்ப அமைத்தலே அதன் சாரம்.

இனி, இருக்கும்போது உடலில் நிகழ்வது யாதெனக் காண்போம். நிற்கும்போது இடுப்பு முள்ளந்தண்டு முன்னோக்கிச் சிறிது வளைந்திருக்கும். அமர்ந்து தொடையை மடக்குங்கால், தொடையின் பின்புறத் தசைகள் இழுத்தலால் இடுப்பெலும்பு பின்னே சாய்கின்றது. அவ்வியற்கை வளைவு தட்டையாகின்றது. அமெரிக்க மருத்துவர் கீகன் இதனை ஊடுகதிர்ப் படங்களால் ஆராய்ந்து 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார். நேர்கோணமாய் நிமிர்ந்திருத்தலே சிறந்ததெனக் கருதியோர்க்கு, உடலுக்கும் தொடைக்கும் இடைப்பட்ட கோணம் அதனினும் விரிந்திருத்தல் முள்ளந்தண்டுக்கு இதமானது என அவர் காட்டினார். பின்னர் டென்மார்க்கு அறுவை மருத்துவர் மண்டால், பள்ளி இருக்கை முன்புறம் சிறிது தாழவும், மேசை உயர்ந்து மாணவனை நோக்கிச் சரியவும் வேண்டும் என வாதித்தார். நம் பழைய பள்ளி மேசைகளின் சரிந்த பலகை பொருளற்றதன்று என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விடத்து ஓர் உண்மையும் கூறல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் பலர், முள்ளந்தண்டு பக்கவாட்டிற் கோணுதலுக்குப் பள்ளி வாங்கே காரணம் என நம்பினர். இற்றை மருத்துவம் அதனை ஏற்பதில்லை. ஆயினும் பொருந்தா இருக்கையால் வரும் நோவும், களைப்பும், கவனச் சிதைவும் பொய்யல்ல.

இருக்கை இலக்கணத்தின் விதிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. உயரம்: பாதம் இரண்டும் நிலத்திற் படிதல் வேண்டும். முழங்காற் குழியிலிருந்து உள்ளங்கால் வரையுள்ள அளவே இருக்கையின் உயரம். அது மிகின், பலகையின் விளிம்பு தொடையின் அடிப்புறத்தை அழுத்திக் கால் விறைக்கும்.

2. ஆழம்: முதுகு சாய்ந்திருக்கும்போது, பலகையின் விளிம்புக்கும் முழங்காற் குழிக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய இடம் வேண்டும்.

3. சாய்வு: தாங்கி இடுப்பின் பின்வளைவைத் தாங்குதல் வேண்டும். தாங்கி இல்லாத வாங்கிற் சிறுவன் மேசையின் மீது கவிழ்தல் இயல்பே.

4. மேசை: தோளைத் தளர்த்திக் கையை மடக்குங்கால், முழங்கை மட்டத்துக்கு ஒத்தோ சற்று உயர்ந்தோ இருத்தல் வேண்டும். மிக உயர்ந்தால் தோள் மேலெழும். மிகத் தாழ்ந்தால் கழுத்துக் கவிழும்.

5. அசைவு: எத்துணை நல்ல இருக்கையும் நெடுநேரம் அசையாதிருத்தற்கு உரியதன்று. பாடந்தோறும் ஒரு முறையேனும் மாணவரை எழுந்து நிற்கச் செய்தல் நன்று.

மாணவரின் உயரத்துக்கேற்ப ஐரோப்பிய நாடுகள் பொதுத் தரவிதி ஒன்றை வகுத்துள்ளன. 119 முதல் 142 சென்ரிமீற்றர் வரை உயர்ந்தோர்க்கு இருக்கை 35, மேசை 59 சென்ரிமீற்றர். 133 முதல் 159 வரை உயர்ந்தோர்க்கு 38, 64. 146 முதல் 176.5 வரை உயர்ந்தோர்க்கு 43, 71. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நிறம் உண்டு. ஒரே வகுப்பில் இம்மூன்று அளவினரும் இருத்தல் கூடும் என்பதை ஆசிரியர் அறிவர். ஆயினும் எண்ணைக் கடன் வாங்கலாமேயன்றிக் காலைக் கடன் வாங்கலாகாது. ஒத்த உயரமுடைய இருவர்க்குக் காலின் நீளம் வேறுபடும். ஆகலின் நம் பிள்ளைகளின் அளவை நம் பிள்ளைகளிடமே எடுத்தல் வேண்டும்.

இதனை யான் கற்ற விதம் எனக்குப் பெருமை தருவதன்று. முன்னர் யான் கற்பித்த பாடசாலை ஒன்றில், ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எப்போதும் வாங்கின் மீது முழந்தாளிட்டே எழுதுவான். ஒழுங்கீனம் எனக் கருதிப் பலமுறை கண்டித்தேன். ஒரு நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தியும் வைத்தேன். அன்று மாலை கொப்பிகளைத் திருத்த அவன் வகுப்பிற்குச் சென்றபோது, அவனை அழைத்து முறையாக இருக்கச் சொன்னேன். மேசை அவன் மார்புக்கு வந்தது. கால்கள் அந்தரத்தில் ஆடின. தளபாடங்கள் யாவும் மேல்வகுப்பாரின் அளவுக்குச் செய்து அன்பளிப்பாக வழங்கப்பட்டவை. கொடுத்தவர் மனம் நன்று, அளவே பிழை. பிள்ளை தன் உடல் கேட்டதைச் செய்தான். யான் அதற்குத் தண்டனை கொடுத்தேன்.

மறுநாள் தச்சர் ஒருவரைக் கொண்டு ஒரு வாங்கினதும் மேசையினதும் கால்களை அறுப்பித்துக் குறைத்தோம். அவனுடைய எழுத்து ஒரே நாளில் மணிமணியாகிவிடவில்லை. ஆனால் முழந்தாளிடுதல் அன்றே நின்றது.

விழாக் கொண்டாடும் இக்காலத்திற் பழைய மாணவராகிய அன்பர்கள் பலர் கல்லூரிக்குத் தளபாடம் வழங்க முன்வருதல் இயல்பு. அவர்க்கு என் விண்ணப்பம் ஒன்றே. எத்தனை மேசை என்று கேட்பதற்கு முன் எத்தனை அளவு என்று கேளுங்கள். வகுப்பு வாயிலில் உயரக் கோடுகள் மூன்று தீட்டி, ஆண்டின் தொடக்கத்தில் மாணவரை நிறுத்திப் பார்த்தால் அக்கணக்குக் கிடைக்கும். முன்னரே உள்ளனவற்றுள் உயர்ந்தவற்றின் காலை அறுக்கலாம். அறுத்தற்கு மனமில்லையேல் காலடியில் ஒரு பலகை இடலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா.

கொடையாளியின் பெயர் மேசையின் பக்கத்திற் பொறிக்கப்படலாம். காலப்போக்கில் அழியவுங் கூடும். நிலத்திற் பாதம் படிந்து ஒரு சிறுவன் அமைதியாய் இருந்து எழுதும் அந்நேரமே அக்கொடையின் பயன்.