வளியின் ஓட்டத்தை அளக்கும் வகை

ஐம்பூதங்களுள் வளி கண்ணுக்குப் புலனாகாதது. மெய்யினால் மாத்திரம் உணரப்படுவது. அதனாலேயே அதன் ஓட்டத்தைக் குறித்து நாம் எளிதில் ஏமாறுகின்றோம். விசிறி சுழல்கின்றது, ஓசையும் கேட்கின்றது, ஆகவே காற்றுச் செல்கின்றது என்று துணிகின்றோம். இத்துணிபு எப்பொழுதும் மெய்யாவதில்லை. தமிழ் கற்பிக்கும் யான் பௌதிகப் பொருளொன்றை இம்மலரில் எடுத்துக்கொண்டது, மாணவர் சிந்தனைக்கு அது நல்ல பயிற்சியாகும் எனக் கருதியேயாம்.

நிலக்கரிச் சுரங்கத்தில் இத்தகைய தவறு உயிரையே கொள்ளும். நிலக்கரியிலிருந்து கசியும் மீதேன் வாயு, காற்றிலே நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்து நிற்குமாயின், ஒரு தீப்பொறி பட்டதும் வெடிக்கும். 1913ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் வேல்ஸ் நாட்டின் செங்கெனித் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பினால் 439 தொழிலாளர் மாண்டனர். இவ்வாயுவைக் கலைத்து வெளியேற்றுவதற்கே சுரங்கங்களிற் பெருவிசிறிகள் அமைக்கப்படுகின்றன. ஆதலின், அவை எவ்வளவு காற்றைச் செலுத்துகின்றன என அளந்தறிதல் இன்றியமையாதது.

அளப்பது எங்ஙனம்? 1732ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவராகிய பீற்றோ என்பார், வளைந்த குழாயொன்றின் வாயை ஆற்று நீரோட்டத்திற்கு எதிராக வைத்து, குழாயினுள் நீர் உயரும் அளவைக்கொண்டு ஓட்டத்தின் வேகத்தைக் கணித்தார். காற்றுக்கும் அம்முறையே பொருந்தும். ஒரு குழாய் காற்றோட்டத்தை எதிர்நோக்கும். மற்றொன்றின் துளைகள் பக்கவாட்டில் அமையும். இரண்டையும் நீர் நிறைந்த வளைகுழாயொன்றின் இரு முனைகளிலும் இணைத்தால், நீர்மட்டங்களின் வேறுபாடு அமுக்க வேறுபாட்டைக் காட்டும்.

இவ்வேறுபாடு வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகித சமமானது. காற்றின் வேகம் செக்கனுக்கு 10 மீற்றராயின் நீர்மட்ட வேறுபாடு ஏறக்குறைய 6 மில்லிமீற்றர்; 5 மீற்றராயின் 1½ மில்லிமீற்றர் மாத்திரமே. இத்துணைச் சிறிய அளவைச் செவ்வனே வாசித்தற்பொருட்டுக் குழாயைச் சாய்த்து வைப்பர். பத்துக்கு ஒன்றாகச் சாய்ந்த குழாயில் 6 மில்லிமீற்றர் உயர்வு 60 மில்லிமீற்றர் நீளமாகத் தோன்றும். கண்ட வேகத்தைக் காற்றுவழியின் குறுக்குவெட்டுப் பரப்பாற் பெருக்கினால், செக்கனுக்குச் செல்லும் காற்றின் கனவளவு கிடைக்கும்.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் உள. காற்று நடுவில் விரைந்தும் சுவரோரம் தயங்கியும் செல்லும். ஆகவே பல இடங்களில் அளத்தல் வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் வர்க்கமூலம் கண்டு வேகத்தை அறிந்த பின்னரே சராசரி எடுத்தல் முறை. ஓரிடத்தில் 6, மற்றோரிடத்தில் 1½ மில்லிமீற்றர் எனக் கொள்வோம். வேகங்களின் சராசரி 7½ மீற்றர். அமுக்கங்களை முதலிற் சராசரியாக்கினால் ஏறக்குறைய 7.9 மீற்றர் என வரும். இல்லாத காற்றை உள்ளதாகக் காட்டும் பிழை இது.

மற்றையது இதனினும் பெரிது. விசிறியின் முன்னும் பின்னும் உள்ள அமுக்க வேறுபாட்டை மாத்திரம் கண்டு அமைதல் கூடாது. காற்றுவழி அடைபட்டால் அவ்வேறுபாடு பெரும்பாலும் உயரும், காற்றோ குறையும். மானி மிக்க அளவைக் காட்டும் வேளையிலேயே சுரங்கத்தின் உள்ளிருப்போர் மூச்சுக்கு வருந்துதல் கூடும். எதனை அளக்கின்றோம் என்று அறியாதவனுக்கு எண்ணும் பொய் சொல்லும்.

மாணவர்காள்! கண்ணாடி வளைகுழாயும் சிறிது நிறநீரும் நுமது ஆய்வுகூடத்தில் உள. மின்விசிறியொன்றின் முன் இதனைச் செய்து பார்ப்பீர்களாக. ஓசையைக் கேட்டுத் துணியாது அளந்து துணியும் பழக்கம், பௌதிகத்திற்கு மட்டுமன்றி வாழ்க்கைக்கும் உரியதாகும்.